மேசைமேல் ஆறு நாள்

“நீ திரும்பி வந்துடுவேம்மா. உன்மேல குறை ஒண்ணும் இல்ல. கூடை உன்னை விடாது, அவ்வளவுதான்” என்றார் அவர்.

திட்டுவதுபோலச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். பரிதாபப்பட்டுச் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். வானொலியில் நாளை மழை வரும் என்று வாசிக்கிற குரலில் சொன்னார். சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு, நான் பிரதி எடுத்த பக்கத்தில் ஒற்று எங்காவது விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார். விடுபட்டிருக்கவில்லை. என் பிரதியில் விடுபடாது.

குன்னூரிலிருந்து எங்கள் எஸ்டேட்டுக்குப் பிரியும் சாலையின் முதல் வளைவில் தகரக் கூரை போட்ட சின்ன வீடு ஒன்று உண்டு. அங்கே அவர் தனியாக இருந்தார். தேயிலைத் தோட்டத்தைப் பற்றி நாவல் எழுத வேண்டும் என்று சமவெளியிலிருந்து ஏறி வந்தவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஆஸ்துமாக்காரர். இந்தக் குளிர் ஆகாது, இறங்கிவிடுங்கள் என்று டாக்டர் சொன்னபோது, “நாவல் முடியட்டும்” என்றாராம். தோட்டத் தொழிலாளர்கள் இருக்கும் எங்கள் லைன் வீடுகளில் அவருக்கு ‘எழுதறம்மா’ என்று பெயர்.

மடக்கு ஸ்டூல், குடை, நூல் கட்டித் தொங்கவிட்ட பென்சிலோடு ஒரு சின்ன நோட்டு. இந்த மூன்றோடு வாரத்தில் நான்கு நாள் லைனுக்கு வந்துவிடுவார். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். எழுதும்போது மணி பார்க்க அதுதான் வசதி. யாரையும் எதையும் நிறுத்தச் சொல்ல மாட்டார், தொடங்கவும் சொல்ல மாட்டார். குழாயடிக்கு எதிரில் ஸ்டூலை விரித்தால் சாயங்காலம் வரை அங்கேதான்.

ஒருநாள் குழாயடியில் மாரியக்காவுக்கும் செல்விக்கும் குடம் வைத்த வரிசையைப் பற்றிச் சண்டை. அவரவர் மாமியார் வரைக்கும் இழுத்துத் திட்டி முடித்த பிறகுதான் இவர் எதிரில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பதைக் கவனித்தார்கள்.

“ஏனுங்கம்மா, எங்க சண்டைக்கு மார்க்குப் போடறீங்களாக்கும்? யாரு பாஸு?” என்று கேட்டார் மாரியக்கா.

“மார்க் இல்லம்மா. நேரம். பதினோரு நிமிஷம். போன வாரம் ஒன்பது.”

செல்வி இடுப்பில் குடத்தோடு சிரித்துவிட்டாள். “அப்ப அடுத்த வாரம் பதினஞ்சுக்குக் கொண்டாந்தர்றோமுங்க. முன்னாடியே வந்து நல்ல எடமாப் பாத்து உக்காந்துக்கோங்க.”

அதையும் எழுதிக்கொண்டார். சிரிக்கவில்லை.

அந்தக் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை என்று லைன்காரர்கள் கொடுத்த மனுவை நான்தான் எழுதியிருந்தேன். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். பி.ஏ. கடைசித் தேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருந்த சமயம். மனுவின் நகல் எப்படியோ அவர் கண்ணில் பட்டு, “இது யார் கையெழுத்து?” என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். தன் நாவலைத் திருத்தமாகப் பிரதி எடுக்க ஆள் வேண்டும் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதுவரை என் கையெழுத்தைத் தேடிக்கொண்டு யாரும் எங்கள் லைனுக்கு வந்ததில்லை.

அவர் வீட்டுச் சுவரில் ஒரு தேயிலைக் கம்பெனி நாட்காட்டி தொங்கியது. கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி பல் தெரியச் சிரிக்கும் படம். அந்தப் படம் முழுக்க அவர் சிவப்பு மையால் திருத்தியிருந்தார். நகத்தில் கறை எங்கே? இடுப்பில் சாக்கு எங்கே? வாய் நிறைய வெற்றிலை இருக்கும்போது இப்படிச் சிரிக்க முடியாது. கூடையின் பட்டை நெற்றியில் ஏறினால் தலைமுடி அந்த இடத்தில் தேய்ந்திருக்க வேண்டும். காலில் அட்டை கடித்த ரத்தம் இல்லை. என் அம்மாவின் தலையில் அப்படித் தேய்ந்த இடம் ஒன்று இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே அதில் எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறேன். அந்தச் சிவப்பு மையைப் பார்த்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. இதை அவருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன்.

நாவலின் முன்னுரையைத்தான் முதலில் பிரதி எடுக்கக் கொடுத்தார். கல்லூரியில் ஒரே வரியில் கடந்துபோன ‘இயல்புவாதம்’ என்ற சொல்லை அதில் பதினாறு இடங்களில் எழுதினேன். பிரான்சில் தொடங்கிய இயக்கம் என்று இருந்தது. மனிதனை அவனுடைய ரத்தமும் அவன் பிறந்த இடமும் வாழும் காலமும் நெருக்குகின்றன. அவன் தானாக முடிவு செய்வதாக நினைத்துக்கொள்வது வெறும் நினைப்பு. எழுதுகிறவர் சோதனைச் சாலையில் வேலை செய்கிறவர்போல இருக்க வேண்டும். ஆட்களை ஒரு சூழலுக்குள் விட்டுவிட்டு என்ன நடக்கிறதோ அதை எழுத வேண்டும். இரக்கப்பட்டு நடுவில் கை வைத்தால் சோதனை கெட்டுப்போகும். ஓவியர்களும் அந்தக் காலத்தில் அப்படித்தான் சேற்றைச் சேறாகவும் கிழிசலைக் கிழிசலாகவும் தீட்டினார்கள். இவ்வளவும் எழுதிவிட்டுக் கடைசியில், ‘இந்த நாவலில் நான் கூட்டியது ஒன்றும் இல்லை, குறைத்தது ஒன்றும் இல்லை’ என்று முடித்திருந்தார். அந்த வரியை நான் மிக அழகாக எழுதினேன்.

அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரிந்தது.

அப்பா ஃபாக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் குடிப்பார். அன்று வரும் வழியில் பாலத்தடியில் சாக்கடைக்குள் விழுந்துவிட்டார். அம்மா போய்ச் சேர்ந்தபோது பாலத்தின் மேல் குடை பிடித்துக்கொண்டு எழுதறம்மா நின்றார். நோட்டு விரிந்திருந்தது. அம்மா தனியாகவே அப்பாவை இழுத்துக் கரையில் போட்டாள். நான் ஓடிப்போய்க் காலைப் பிடித்தேன். ஒரு செருப்பைக் காணவில்லை.

“இடது கால் செருப்பு விழும்போதே தண்ணில போயிடுச்சு” என்றார் அவர் மேலேயிருந்து.

அம்மா யாரையும் ‘ங்க’ போடாமல் பேசியதில்லை. அன்றும் போட்டுத்தான் பேசினாள். “வழில போற நாயா இருந்தாக்கூட நின்னு கொலச்சிருக்குமுங்க. நாலு பேரு கேட்டு வந்திருப்பாங்க. நீங்க நின்னீங்களே.”

“குரைச்சிருந்தா நாலு பேர் வந்திருப்பாங்க. யாரும் வராட்டி என்ன ஆகும்னு எனக்குத் தெரியணும்.”

அம்மாவுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. முன்னுரையைப் பிரதி எடுத்தவள் நான்தானே.

இருந்தும் மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். ஏன் போனாய் என்று அம்மா கேட்டாள். எங்கள் ஆட்கள் தாளில் ஏறுவதை முதல்முதலாகப் பார்க்கிறேன், பாதியில் விட மனமில்லை என்று சொல்ல அன்று தெரியவில்லை. அந்த வாரமே பாலத்துப் பக்கங்கள் பிரதிக்கு வந்தன. செருப்பு, சாக்கடை, அம்மா இழுத்த விதம், எல்லாம் அச்சு அசலாக இருந்தது. கடைசியில், ‘மேலே நின்றவளின் கால்கள் நடுங்கின. அவள் இறங்கவில்லை’ என்று ஒரு வரி. தன்னையும் விட்டுவைக்கவில்லை. அந்த வரி இல்லாமல் போயிருந்தால் அவரை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவருடைய அறையில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் பழுப்புக் காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் வட்டங்களும் கோடுகளும் இருந்தன. ஒருநாள்தான் நிதானமாகப் பார்த்தேன். எங்கள் குடும்பம். அப்பாவின் அப்பா, குடி. அவர் தம்பி, குடி, தற்கொலை. அப்பா, குடி. அம்மா, பதின்மூன்று வயதில் கூடை. அக்கா, பத்தாம் வகுப்பில் நின்றாள், கூடை. எல்லா வட்டங்களும் மையில் போட்டவை. கடைசி வட்டம் மட்டும் பென்சிலில் போட்டது. உள்ளே ஒன்றும் எழுதவில்லை.

“இது மட்டும் ஏன் பென்சில் மேடம்?”

“இன்னும் முடியல.”

“நான் எம்.ஏ.வுக்கு எழுதிப் போட்டிருக்கேன். கோயமுத்தூர்ல எடம் கெடைக்கும். எங்க காலேஜ்ல நான்தான் மொதல்.”

“கிடைக்கலாம்.”

“கிடைக்கும். போவேன். அப்பறம் அந்த வட்டத்துல என்ன எழுதுவீங்க?”

அதற்குப் பதிலாகத்தான் அவர் கூடையைப் பற்றிய அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

எஸ்டேட்டுக்கு வரும் தபால் முதலில் எஸ்டேட் ஆபீசுக்குப் போய், அங்கிருந்து மேஸ்திரியின் பைக்குள் போய், அவருக்கு நினைவு வரும்போது லைனுக்கு வரும். சில கடிதங்கள் மழையில் நனைந்து எழுத்து கலைந்து வந்ததுண்டு. அதனால் கல்லூரி விண்ணப்பத்தில் எழுதறம்மாவின் வீட்டு முகவரியைத்தான் கொடுத்திருந்தேன். கேட்டபோது சரி என்று தலையாட்டினார்.

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல, அம்மாவின் ஒரு பழக்கத்தை முதலில் சொல்லியாக வேண்டும்.

நான் பிறந்த பிறகு அம்மா கூடையை வைத்துவிட்டுச் சில வருடங்கள் துரை பங்களாவில் பெருக்கித் துடைக்கும் வேலை செய்தாள். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, மானேஜர்தான். அந்தப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. அங்கே ஒருமுறை மேசையிலிருந்த பேனா காணாமல் போய், அம்மாவோடு வேலை செய்த பெண்ணை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். பேனா துரையின் கோட்டுப் பையில் இருந்தது பிறகு தெரிந்தது. அந்தப் பெண் திரும்ப வரவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போகும் நாட்களில் அம்மா வாசலிலேயே நிறுத்திச் சொல்வாள். “மேசைமேல கண்ணு போகக் கூடாது சாமி. தொடைக்கறப்பக்கூட மரத்தத்தான் பாக்கோணும், பேப்பரப் பாக்கக் கூடாது. கீழ விழுந்தா எடுத்துக் குடு. மேல இருந்தா அது நமக்கில்ல.”

எங்கள் லைனில் பங்களா வேலை பார்த்த எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். கல்லூரியில் மற்றவர்கள் பேராசிரியர் மேசைமேல் எட்டிப் பார்த்துத் தங்கள் மதிப்பெண்ணைத் தெரிந்துகொள்வார்கள். நான் மேசையை ஒட்டி நின்றாலும் என் கண் சன்னலில்தான் இருக்கும். அது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வீட்டில் சமையலறைக் கதவோரம் எனக்கு ஒரு ஸ்டூலும் எழுதுபலகையும் போட்டிருந்தார். அவருடைய பெரிய மேசை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. உள்ளே வரும்போதும் போகும்போதும் அதை ஒட்டித்தான் நடக்க வேண்டும். ஜூலை மாதம். வெளியே காற்றும் மஞ்சும் மாறி மாறி அடித்தன. அவருக்கு மூச்சு முட்டும் என்பதால் மே மாதக் கடைசியிலேயே சன்னல் இடுக்குகள் முழுவதும் செய்தித்தாள் கிழித்து மாவுப் பசை போட்டு ஒட்டிவிடுவார். தீபாவளி வரை அந்தச் சன்னல்கள் திறக்காது.

கடிதத்துக்காக ஒவ்வொரு நாளும் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வந்ததா என்று கேட்கவில்லை. கிடைக்கும் என்று அவ்வளவு திமிராகச் சொல்லிவிட்டு, பிறகு எப்படிக் கேட்பது? கேட்டால் எனக்குப் பயம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். வந்தால் கொடுக்காமலா போவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம் அவர் சில கேள்விகள் கேட்டார். “சரியாச் சாப்பிடறியா?” என்று ஒருநாள். இரண்டு நாள் கழித்து, “உன் எழுத்து வலது பக்கம் சாயுதே, முன்ன இப்படிச் சாயாதே” என்றார். பரவாயில்லை, மனுஷிக்குக் கொஞ்சம் அக்கறை வந்திருக்கிறது என்று நினைத்தேன். அதை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

ஆறாவது நாள் சாயங்காலம் நான்கு மணி இருக்கும். அவருக்கு மூச்சு இழுத்தது. மேசையிலிருந்து எழுந்து, என்னைக் கடந்து சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நொச்சி இலை கொதிக்கவைத்து ஆவி பிடிக்கப் போகிறார் என்று தெரியும். பாத்திரச் சத்தம் கேட்டது. நான் எழுதிக்கொண்டிருந்த பக்கத்தை முடித்துவிட்டு, அடுத்த தாள்களைத் தரையிலிருந்த டிரங்குப் பெட்டியிலிருந்து எடுக்கத் திரும்பினேன்.

மேசைக்குக் கீழே ஒரு உறை கிடந்தது.

தரையில் கிடந்தால் எடுக்கலாம். எடுத்தேன். அதில் என் பெயர் இருந்தது. குன்னூர் தபால் முத்திரை ஆறு நாள் முந்தையது. உறை பிரிக்கப்படவில்லை. பிரித்தேன். மறுநாள் காலை பத்து மணிக்கு அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று இருந்தது.

சமையலறைக் கதவைத் திறந்தேன். அவர் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு பாத்திரத்தின் மேல் குனிந்திருந்தார்.

“மேடம், இது எப்ப வந்துச்சு?”

துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “போன சனிக்கிழமை.”

“ஏன் சொல்லல?”

“மேசைமேலதான் இருந்துச்சு. நான் ஒளிச்சு வைக்கல.”

“ஏன் சொல்லலன்னு கேக்கறேன்.”

துண்டை எடுத்தார். முகம் வெந்து சிவந்திருந்தது. மூச்சு வாங்கியது. “நீ பார்க்கறியான்னு பார்த்தேன். ஒரு நாளைக்கு நாலு தடவை அதை உரசிக்கிட்டுப் போனே. படிச்ச பொண்ணு. உன் பேரு இவ்வளவு பெருசா எழுதியிருக்கு. உன் கண்ணு அங்க போகவே இல்ல.”

“கீழ எப்படி வந்துச்சு?”

அவர் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். “காத்துல விழுந்திருக்கும்.”

நான் திரும்பிச் சன்னல்களைப் பார்த்தேன். நாலு சன்னலிலும் காகிதம் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. ஒரு மூலைகூடப் பெயரவில்லை.

பேனாவை மூடாமலே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அம்மா விஷயத்தைக் கேட்டதும் அடுப்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். “மேசையப் பாக்காதன்னு நாந்தான சொன்னன். படிச்ச புள்ளைக்கும் அதையே சொல்லிச் சொல்லி வெச்சனே.” அப்பா விடியற்காலை முதல் பஸ்ஸுக்கு என்னோடு கிளம்பினார். மேட்டுப்பாளையம் வரை நின்றுகொண்டே வந்தார். மழைக்கு நனையாமல் இருக்க என் சான்றிதழ்களைத் தன் சட்டைக்குள் வைத்துக் கம்பளிக் கோட்டைப் பொத்தான் போட்டு மூடியிருந்தார். பத்து மணிக்கு முன்னால் நான் வரிசையில் நின்றேன். இடம் கிடைத்தது. அன்று அப்பா குடிக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் குடித்தார். இரண்டையும் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் எழுதினால் நானும் பழுப்புக் காகிதத்தில் வட்டம் போட்டவள் ஆகிவிடுவேன்.

நாவல் இரண்டு வருடம் கழித்து வெளிவந்தது. பிரதி எடுத்தது வேறு யாரோ. கல்லூரி நூலகத்தில் வாங்கி நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். கடிதம் வருகிறது. மேசையின் வலது ஓரத்தில், ஓடையில் பொறுக்கிய கூழாங்கல் ஒன்றின் கீழ் ஆறு நாள் இருக்கிறது. பெண் அதைப் பார்ப்பதில்லை. ஏழாவது நாள் கெடு முடிகிறது. அவள் அம்மாவின் கூடையை எடுத்து நெற்றியில் மாட்டிக்கொள்கிறாள். மேசையும், அவள் கண் சன்னலுக்குப் போவதும், எழுத்து வலது பக்கம் சாய்வதும் எல்லாம் சரியாக இருந்தன. ஒரு முடிகூடப் பொய் இல்லை என்று விமர்சகர்கள் புகழ்ந்தார்கள்.

ஒரு பொய் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கடிதம் கீழே விழுந்தது அதில் இல்லை.

அதோடு அந்தக் கூழாங்கல். நாவல் சொல்வதுபோலக் கடிதத்தின் மேல் கல் இருந்தது என்றால், அது காற்றில் விழுந்திருக்க முடியாது. விழுந்தாலும் கல்லோடு விழுந்திருக்க வேண்டும். சிமெண்டுத் தரையில் கல் விழுந்தால் என் காதில் விழாமலா போகும்? யாரோ கல்லை எடுத்து வைத்துவிட்டுத்தான் உறையைத் தள்ளியிருக்க வேண்டும். கல் இல்லவே இல்லை என்றால், எதையும் கூட்டவில்லை என்று எழுதியவர் ஒரு கல்லைக் கூட்டியிருக்கிறார். இரண்டில் ஒன்று பொய். எது என்று சாட்சி சொல்ல என்னால் முடியாது. ஆறு நாளும் அந்த அறையில் இருந்தவள் நான்தான். நான்தான் மேசையைப் பார்க்கவே இல்லையே.

கோவையில் ஒரு புத்தகக் கண்காட்சியில் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். மெலிந்திருந்தார். கையில் உறிஞ்சும் மருந்துக் குப்பி. என்னை அடையாளம் தெரிந்தது.

“இப்ப என்ன பண்றே?”

“காலேஜ்ல தமிழ் சொல்லித் தர்றேன் மேடம்.”

“அப்படியா.” கைப்பையைத் திறந்து சின்ன நோட்டை எடுத்தார். பென்சில் நூலில் தொங்கியது. ஒரு பக்கத்தைப் புரட்டினார். எழுதவில்லை. மறுபடி பைக்குள் வைத்துவிட்டார்.

“அந்தக் கடிதம் எப்படி மேடம் கீழ விழுந்துச்சு?”

“காத்துன்னு அன்னைக்கே சொன்னேனே.”

“சன்னல் அடைச்சிருந்துச்சு.”

“அப்ப கதவு சாத்தின காத்தா இருக்கும். எவ்வளவோ இடுக்கு இருக்கும்மா ஒரு வீட்டுல.” சொல்லிவிட்டு மணிக்கட்டைத் திருப்பி மணி பார்த்தார். அவர் சிரித்தாரா என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம்.

போன வருடம் இறந்துவிட்டார். அஞ்சலிக் குறிப்புகளில் எல்லாரும் எழுதியிருந்தார்கள்: எதையும் மாற்றாமல் பார்த்தவர், தன் பாத்திரங்களுக்கு ஒரு விரலைக்கூட நீட்டாதவர் என்று.

யார் தள்ளினால் என்ன என்று அம்மா கேட்கிறாள். “கீழ கெடந்துச்சு, எடுத்த, போன. அவங்க தள்ளியிருந்தா நல்லவங்கன்னு நெனச்சுக்க. இல்லீனா காத்துக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போ. இதுல என்ன ஆராய்ச்சி?” அம்மாவுக்கு அது போதும். எனக்குப் போதாது. நானாகப் போனேன், நானாகப் படித்தேன், அவர் போட்ட வட்டத்தை நானே அழித்தேன் என்றுதான் இத்தனை வருடம் தலை நிமிர்ந்து நடக்கிறேன். அதில் அவருடைய விரல் ஒன்று இருக்கிறது என்றால் எனக்குத் தெரிய வேண்டும். சாக்கடையில் விழுந்த என் அப்பாவுக்கு நீட்டாத விரல் அது. அதை எனக்காக நீட்டினாரா? நீட்டியிருந்தால், தன் முன்னுரை முழுவதையும் தன் கையாலேயே உடைத்துவிட்டு, பிறகு வெளியே தெரியாமல் ஒட்டிவைத்திருக்கிறார். அவரைப் பற்றி நான் நினைத்த அத்தனையும் மாற வேண்டியிருக்கும். இல்லை என்றால், காற்றுக்கு நான் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அவரிடம் இனிக் கேட்க முடியாது. வீட்டைக் கேட்கலாம்.

அந்த வீடு இப்போது சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் காட்டேஜ். வாசலில் ஆங்கிலப் பெயர்ப் பலகை வைத்திருக்கிறார்கள். மேசையைக் கீழே இறக்கச் செலவாகும் என்று அங்கேயே விட்டிருக்கிறார்கள். கல்லூரியில் ஆறு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே ஜூலையில் வந்து சேர்ந்தேன். வந்ததும் மாவுப் பசை காய்ச்சிச் சன்னல் இடுக்குகளை ஒட்டத் தொடங்கினேன். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார்.

“ஏனுங்க மேடம், அல்லாரும் வியூ பாக்கத்தான் இங்க வர்றாங்க. நீங்க அதையே ஒட்டி மூடறீங்க?”

“எனக்கு இந்த மலை பாத்த மலைதான் அக்கா. நீங்க எனக்கு ஒரு உதவி பண்ணோணும். தினமும் நாலு மணிக்கு அந்த நாற்காலியில இருந்து எந்திரிச்சு, என்னைத் தாண்டிச் சமையக்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தோணும்.”

“சாத்திட்டு?”

“டீ போடோணும்.”

“யாருக்கு?”

“நம்ம ரெண்டு பேருக்கும்.”

“டீ போடறதுக்கு எதுக்குங்க நாற்காலில உக்காந்து எந்திரிக்கோணும்?” என்றார். ஆனால் ஒப்புக்கொண்டார்.

என் கடிதம் அதே உறைக்குள் என்னிடம் பத்திரமாக இருந்தது. அதை நாவல் சொல்கிற வலது ஓரத்தில், கல் இல்லாமல் வைத்திருக்கிறேன். ஸ்டூலை அந்தக் கதவோரம் இழுத்துப் போட்டு, மேசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருக்கிறேன். வெளியே காற்று கூரைத் தகரத்தைத் தட்டுகிறது. அக்கா இப்போதுதான் எழுந்து என்னைக் கடந்து போனார். கதவு சாத்திய சத்தம் கேட்டது. நான்கு மணி இரண்டு நிமிடம். இந்த வரியை முடித்ததும் திரும்பிப் பார்ப்பேன், முதலில் மேசையை, பிறகு தரையை.